விண்டோஸுடன் வரும் வைரஸ் தடுப்பே போதுமா? அது இந்த நிலைக்கு எப்படி வந்தது?

சிராங்கூன் கணக்கர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சிராங்கூன் சாலைக்கு அருகே என் அக்கா நடத்தும் சிறிய கணக்கியல் அலுவலகத்தின் கணினிகளை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். மொத்தம் ஒன்பது கணினிகள். ஏழில் விண்டோஸ் 11, இரண்டில் இன்னும் விண்டோஸ் 10. எல்லாவற்றிலும் ஆண்டுச் சந்தா செலுத்தும் வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்றை நிறுவியிருக்கிறோம். அதைப் புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது.

விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டர் போதும் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால், எங்களுக்கு மென்பொருள் விற்கும் முகவரோ அது வீட்டுக் கணினிகளுக்கு மட்டும்தான் என்றும், வணிக நிறுவனங்கள் அதைப் பயன்படுத்த உரிமம் இல்லை என்றும் உறுதியாகச் சொல்கிறார். அக்காவின் ஐயம் வேறு: கூடுதல் காசில்லாமல் கூடவே வருகிற ஒன்று, அதற்கென்றே தொழில் நடத்தும் நிறுவனங்களின் பொருளுக்கு எப்படி ஈடாகும் என்று கேட்கிறார். "நல்லது" என்ற ஒரு சொல்லைக் கேட்டு அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அது எப்படி வளர்ந்தது, எங்கே சறுக்கியது, எதனால் மேம்பட்டது என்ற வரலாறு தெரிந்தால்தான் முடிவெடுப்பார். வாடிக்கையாளர்களின் வருமான விவரங்களும் அடையாள எண்களும் எங்களிடம் இருக்கின்றன. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

டாஸ் காலத்தவர்

உங்கள் அக்காவின் ஐயம் நியாயமானது. இயங்குதளத்துடன் சேர்ந்து வந்த முதல் வைரஸ் தடுப்பைப் பயன்படுத்திய எவரும் அதைப் புகழ மாட்டார்கள்.

1993 மார்ச்சில் வெளிவந்த, மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் 6.0 உடன் 'மைக்ரோசாஃப்ட் ஆன்டி-வைரஸ்' என்ற நிரல் வந்தது. மைக்ரோசாஃப்ட் அதைத் தானே எழுதவில்லை. சென்ட்ரல் பாயிண்ட் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான், மார்ச் 6ஆம் தேதி மைக்கலாஞ்சலோ வைரஸ் வட்டுகளை அழித்துவிடும் என்ற அச்சம் உலகம் முழுவதும் பரவியிருந்தது. எனவே பாதுகாப்பு உள்ளேயே இருப்பது விற்பனைக்கு உதவும் என்று அவர்கள் கருதியதில் வியப்பில்லை.

அது வேலை செய்த விதத்தைப் பார்த்தால் அதன் பலவீனம் புரியும். ஒவ்வொரு கோப்புறையிலும் 'செக்லிஸ்ட்.எம்எஸ்' என்ற சிறு கோப்பை உருவாக்கி, அங்குள்ள நிரல்களின் அளவு, அவற்றின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண் ஆகியவற்றை அதில் குறித்துவைக்கும்; அடுத்த முறை அவை மாறியிருந்தால் எச்சரிக்கும். நல்ல யோசனைதான். ஆனால், எல்லாருடைய கணினியிலும் அதே பெயரில் அந்தக் கோப்பு இருந்ததால், வைரஸ் எழுதியவர்கள் முதலில் அதை அழித்துவிட்டே தம் வேலையைத் தொடங்கினார்கள். நினைவகத்தில் தங்கிக் காவல் காத்த 'விசேஃப்' நிரலையும் அதை அறிந்த வைரஸ் ஓர் எளிய அழைப்பினாலேயே செயலிழக்கச் செய்ய முடிந்தது. இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை, புதிய வைரஸ்களின் அடையாளங்கள் தாமாக வந்து சேர வழியில்லாததுதான். இணையம் வீடுகளுக்கு வராத காலம். மோடம் வைத்திருந்தவர்கள் தொலைபேசி வழியாக இறக்கிக்கொண்டார்கள், மற்றவர்கள் பணம் கொடுத்து நெகிழ்வட்டில் வாங்க வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் நெகிழ்வட்டுகள் கைமாறிக்கொண்டே இருந்த அந்த நாள்களில், வாங்கிய அன்று இருந்த பட்டியலையே பெரும்பாலோர் வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். விண்டோஸ் 95 வெளிவந்தபோது அந்த நிரல் அதில் இல்லை.

அதன்பின் ஏறக்குறைய பத்தாண்டுகள் விண்டோஸுக்குள் காவல் எதுவும் இல்லை. 1999இல் மெலிசா, 2000இல் 'ஐ லவ் யூ', 2001இல் கோட் ரெட், நிம்டா, 2003இல் சிலாமர், பிளாஸ்டர் என்று வைரஸ்களாலும் புழுக்களாலும் அடுக்கடுக்காக அடி விழுந்த காலம் அதுதான். 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தம் ஊழியர்கள் அனைவருக்கும் மடல் எழுதி, புதிய வசதிகளைவிடப் பாதுகாப்புக்கே முன்னுரிமை என்று அறிவித்தார். 2003இல் ருமேனியாவின் கெகாட் நிறுவனத்திடமிருந்து வைரஸ் தடுப்புத் தொழில்நுட்பத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2004 ஆகஸ்ட்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு வந்து, வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் தீச்சுவரைத் தொடக்கத்திலேயே இயங்கும்படி மாற்றியது. பிளாஸ்டர் போன்ற, தாமாகவே பரவும் புழு நிரல்கள் கோப்பாக வரவில்லை, வலையமைப்பு வழியாக நுழைந்தன என்பதால், அந்த ஒரு மாற்றம் எந்த வைரஸ் தடுப்பைவிடவும் அதிக நன்மை செய்தது என்பது என் கருத்து.

டிஃபெண்டரின் பிறப்பு இதற்கு அடுத்து வருகிறது. 2004 டிசம்பரில் ஜயண்ட் கம்பெனி சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கி, அதன் உளவுநிரல் தடுப்பை 2006இல் 'விண்டோஸ் டிஃபெண்டர்' என்ற பெயரில் வெளியிட்டது. விண்டோஸ் விஸ்டாவுடன் அது உள்ளேயே வந்தாலும் உளவுநிரல்களை மட்டுமே பிடித்தது. முழுமையான வைரஸ் தடுப்பு வேண்டுமென்றால், அதே 2006இல் வெளிவந்த 'ஒன்கேர்' சேவைக்கு மூன்று கணினிகளுக்கு ஆண்டுக்கு 49.95 அமெரிக்க டாலர் கட்ட வேண்டியிருந்தது. அது எடுபடவில்லை. 2009 செப்டம்பரில் 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' இலவசமாக வந்தது. 2012இல் விண்டோஸ் 8 உடன்தான் டிஃபெண்டர் முழு வைரஸ் தடுப்பாக உள்ளேயே அமர்ந்தது.

உங்கள் முகவரின் கூற்று எங்கிருந்து வந்தது என்பதும் இதில் தெரிகிறது. செக்யூரிட்டி எசென்ஷியல்ஸின் உரிமம் முதலில் வீட்டுப் பயனுக்கு மட்டுமே இருந்தது. 2010 அக்டோபரில் பத்துக் கணினிகள் வரை உள்ள சிறு வணிகங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. டிஃபெண்டர் விண்டோஸின் ஓர் உறுப்பு. அதற்குத் தனி உரிமம் கிடையாது. காலாவதியான விதியை அவர் உங்களுக்கு விற்கப் பார்க்கிறார்.

மரீன் பரேட் மேக்

ஆப்பிள் பக்கத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அங்கு வழி வேறாக இருந்தது. 2007இல் வந்த, மேக் இயங்குதளத்தின் லெப்பர்ட் பதிப்பு, இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளின்மீது ஒரு குறியை இட்டு, முதன்முறை திறக்கும்போது பயனரைக் கேட்கத் தொடங்கியது. 2009இல் அடுத்த பதிப்பான ஸ்னோ லெப்பர்டில் எக்ஸ்புரொடெக்ட் என்ற தீங்குநிரல் தடுப்பு சேர்ந்தபோது அதன் பட்டியலில் இருந்த தீங்குநிரல்கள் இரண்டே இரண்டு. 2011இல் 'மேக் டிஃபெண்டர்' என்ற போலி வைரஸ் தடுப்பு பலரை ஏமாற்றிய பிறகே அந்தப் பட்டியல் நாள்தோறும் தானாகப் புதுப்பிக்கப்பட்டது. மறு ஆண்டு ஃபிளாஷ்பேக் நிரல் ஆறு லட்சம் மேக் கணினிகளைப் பாதித்தது.

அதன்பின் ஆப்பிள், கெட்டதைத் தேடிப் பிடிப்பதைவிடத் தெரிந்த நல்லதை மட்டும் அனுமதிப்பதில் கவனம் செலுத்தியது. 2012இல், அறியாத செயலிகளைத் திறக்கவிடாமல் தடுக்கும் கேட்கீப்பர், 2015இல் இயங்குதளக் கோப்புகளை நிர்வாகியும் மாற்ற முடியாதபடி பூட்டியது, 2019இல் செயலிகளை ஆப்பிள் முன்கூட்டியே சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்ற கட்டாயம் என்று வரிசையாக வந்தன. இருந்தும் 2021இல் ஒரு வழக்கில் சாட்சியம் அளித்த ஆப்பிளின் மூத்த அதிகாரி கிரேக் ஃபெடரிகி, மேக்கில் தீங்குநிரல் இருக்கும் அளவு தமக்கு ஏற்புடையதன்று என்றே சொன்னார். மேக்குக்கு வைரஸ் வராது என்று இன்னும் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வலையமைப்புப் பொறியாளர் (தெம்பனிஸ்)

டாஸ் காலத்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். பலர் நினைப்பதுபோல் 2012இல் டிஃபெண்டர் உள்ளே வந்ததும் அது சிறந்துவிடவில்லை. அதே ஆண்டின் இறுதியில், டிஃபெண்டரின் அதே அலசும் பொறியைக் கொண்ட செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ், வைரஸ் தடுப்புகளைச் சோதிக்கும் ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தின் சான்றிதழையே இழந்தது. புதிதாக வரும் நிரல்களைப் பிடிப்பதில் மற்ற நிறுவனங்கள் வெகுதூரம் முன்னே இருந்தன. பத்தாண்டுகளுக்கு முன் "உள்ளே வருவது போதாது" என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

மாற்றம் விண்டோஸ் 10 காலத்தில் வந்தது. அதை ஒரே ஒரு கோப்பின் பயணத்தை வைத்து விளக்கினால் உங்கள் அக்காவுக்கு எளிதில் புரியும். ஊழியர் ஒருவர் மின்னஞ்சலில் வந்த இணைப்பிலிருந்து ஒரு நிரலை இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். உலாவி அந்தக் கோப்புடன் அது இணையத்திலிருந்து வந்தது என்ற குறிப்பைச் சேர்த்துவைக்கிறது. அதைத் திறக்கும்போது விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற வசதி அக்கோப்பின் நற்பெயரைப் பார்க்கிறது: இதை இதற்குமுன் எத்தனை பேர் திறந்திருக்கிறார்கள், கையொப்பம் யாருடையது என்று. டிஃபெண்டர் தன்னிடமுள்ள அடையாளங்களுடன் ஒப்பிடுகிறது. ஐயத்துக்குரியதாக இருந்தும் எதுவும் பொருந்தாவிட்டால், கோப்பின் விவரங்களை மைக்ரோசாஃப்டின் மேகக் கணினிகளுக்கு அனுப்பி, விடை வரும்வரை வழக்கமாகப் பத்து வினாடிகள் அதைத் திறக்கவிடாமல் பிடித்துவைக்கிறது. நிர்வாகி விரும்பினால் அந்நேரத்தை ஒரு நிமிடம்வரை நீட்டலாம். கோப்பாக இல்லாமல் விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் குழப்பி எழுதிய கட்டளையாக வந்தால், அது நினைவகத்தில் அவிழ்ந்து ஓடுவதற்குச் சற்றுமுன் வைரஸ் தடுப்பிடம் ஒப்படைக்கும் இடைமுகம் ஒன்று 2015 முதல் விண்டோஸிலேயே இருக்கிறது. இந்த இடைமுகத்தை மற்ற நிறுவனங்களின் மென்பொருள்களும் பயன்படுத்துகின்றன.

கோடிக்கணக்கான கணினிகளில் தொடக்கத்திலிருந்தே இயங்குவதால் எங்கோ ஒரு மூலையில் முதன்முறையாகத் தலைகாட்டும் நிரலைப் பற்றிய செய்தி மற்றக் கணினிகளுக்கு நிமிடங்களில் போய்ச் சேர்கிறது. பரவலாக இருப்பதுதான் டிஃபெண்டரின் முதன்மையான பலம். சில ஆண்டுகளிலேயே அதே ஏவி-டெஸ்டில் அது முழு மதிப்பெண் பெற்றதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஆனால், அதே பரவல் பலவீனமும்கூட. தீங்குநிரல் எழுதுகிற எவரும் தம் படைப்பை முதலில் சோதித்துப் பார்ப்பது டிஃபெண்டரிடம்தான், செக்லிஸ்ட்.எம்எஸ் கதை இன்றும் தொடர்கிறது. தவிர, வைரஸ் தடுப்பு நிரலே உயர்ந்த அதிகாரத்துடன் இயங்குவதால் அதில் உள்ள ஓட்டை பேராபத்து. 2017 மே மாதம் கூகலின் ஆய்வாளர்கள் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தாக்குபவர் தயாரித்த கோப்பை டிஃபெண்டர் அலசினாலே போதும், கணினி அவர் வசமாகிவிடும். மைக்ரோசாஃப்ட் சில நாள்களில் அதை அடைத்தது. மறு ஆண்டு, டிஃபெண்டரின் அலசும் பகுதியைத் தனித்த வேலிக்குள் வைத்து இயக்கும் வசதியையும் கொண்டுவந்தது.

உங்கள் அலுவலகத்துக்கு என் பரிந்துரை: விண்டோஸ் 11 உள்ள ஏழு கணினிகளிலும் டிஃபெண்டர் போதும், மூன்றைச் சரிபார்த்தால். முதலாவது, அமைப்புகளை நிரல்கள் மாற்றவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, பணயநிரல் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) பாதுகாப்பு என்ற பகுதியில் கோப்புறைகளைக் காக்கும் வசதி 2017 முதல் இருந்தாலும், அது தானாக இயங்குவதில்லை. நீங்கள்தான் இயக்க வேண்டும். மூன்றாவதுதான் மிக முக்கியம். விலக்குப் பட்டியலைத் திறந்து பாருங்கள். கணக்கு மென்பொருள் நிறுவ வருபவர்கள், வேகம் குறைகிறது என்பதற்காக முழுக் கோப்புறையையும் அலச வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவதை நான் பல அலுவலகங்களில் கண்டிருக்கிறேன்.

கட்டண மென்பொருளில் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது, ஒன்பது கணினிகளின் நிலையையும் ஒரே திரையில் பார்க்கும் வசதி. அது தேவையென்றால் அதற்காகப் பணம் கொடுப்பதில் தவறில்லை. மைக்ரோசாஃப்டே சிறு நிறுவனங்களுக்கு அதைத் தனிச் சந்தாவாக விற்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைத்தான் கேட்கிறது, குறிப்பிட்ட எந்தப் பொருளையும் அன்று.

சிராங்கூன் கணக்கர்

மூவருக்கும் நன்றி. பொறியாளர் ஐயா சொன்னபடி இன்று மாலை விலக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். தற்போதைய கட்டண மென்பொருளில், இரண்டு கணினிகளில் 'டி' வட்டு முழுவதுமே விலக்கப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளர் அனுப்பும் கோப்புகளை ஊழியர்கள் சேமிப்பது அங்கேதான். கணக்கு மென்பொருளை நிறுவித் தந்த நிறுவனம் இதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இத்தனை நாளும் சந்தா கட்டியும் அந்த வட்டுக்குக் காவலே இல்லாமல் இருந்திருக்கிறது. விலக்கை நீக்கிவிட்டு முழுமையாக அலசச் செய்தேன், எதுவும் அகப்படவில்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். ஊழியர்கள் வங்கிக் குறுஞ்செய்திகளைத் தங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில்தான் பெறுகிறார்கள். அங்கே என்ன செய்வது? விண்டோஸ் 10 உள்ள இரண்டு கணினிகள் என்னாகும்?

ஈசூன் தாதி

கைப்பேசி பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், என் உறவினர் ஒருவர் இதில் சேமிப்பை இழந்ததால் இதைக் கூர்ந்து படித்திருக்கிறேன். சமூக ஊடகத்தில் வீடு சுத்தம் செய்யும் சேவை அல்லது கடலுணவு மலிவு விலையில் என்று விளம்பரம் வரும். தொடர்புகொண்டால், முன்பதிவு செய்ய ஒரு செயலியை இறக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்புவார்கள். அந்தச் செயலி மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் அனுமதியைக் கேட்கும். அதைக் கொடுத்துவிட்டால் திரையில் தெரிவதையும் தட்டச்சு செய்வதையும் அது காணும், நம் கைக்குப் பதிலாகத் தானே தொட்டும் இயக்கும். சிங்கப்பூர்க் காவல்துறையின் கணக்குப்படி 2023இல் இத்தகைய மோசடிகள் 1,899. இழப்பு குறைந்தது 34.1 மில்லியன் வெள்ளி.

வைரஸ் பட்டியலை வைத்து இதைத் தடுப்பது கடினம், ஏனெனில் செயலி ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யப்படுகிறது, அனுமதியையோ உரிமையாளரே கொடுக்கிறார். அதனால்தான் 2024 பிப்ரவரியில் கூகல், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து வேறொரு முறையை உலகிலேயே முதலில் இங்கே தொடங்கியது. ஆண்ட்ராய்டுடன் வரும் பிளே புரொடெக்ட், உலாவி வழியாகவோ செய்திச் செயலி வழியாகவோ இறக்கிய ஒரு செயலி, குறுஞ்செய்தியைப் பெறுவது, படிப்பது, அறிவிப்புகளைக் காண்பது, அணுகல் சேவை என்ற நான்கு அனுமதிகளில் ஒன்றைக் கோரினால், நிறுவுவதையே தடுத்துவிடும். கெட்ட நிரலா என்று ஆராய்வதற்கு முன்பே, அது கேட்கும் அதிகாரத்தை வைத்து மறுக்கிறது. பின்னர் இம்முறை மற்ற நாடுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஊழியர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பேசிக்கொண்டிருக்கும் ஆள், பிளே புரொடெக்டை நிறுத்தச் சொன்னால் அந்தக் கணமே உரையாடலைத் துண்டித்துவிட்டு 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

டாஸ் காலத்தவர்

விண்டோஸ் 10 பற்றி. அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. இதைக் கேட்டு ஆறுதல் அடைய வேண்டாம். 2017 மே மாதம் வானாகிரை என்ற பணயநிரல் பரவியபோது அது பயன்படுத்திய ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்திருந்தது. திருத்தத்தை நிறுவாத கணினிகளே மாட்டின. வைரஸ் பட்டியல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் இயங்குதளத்தின் ஓட்டையை அது அடைக்காது. வணிகங்களுக்கு நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. வீட்டுப் பயனர்களுக்கான திட்டம் உங்களுக்குப் பொருந்தாது.

இன்னொன்று: ஒரு வைரஸ் தடுப்புக்கு மேல் இன்னொன்றைப் போட்டால் இரட்டைக் காவல் என்று எண்ணிவிடாதீர்கள். வேறொன்றை நிறுவினால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும். அதன் சந்தா முடிந்து செயலிழந்தால் மீண்டும் பொறுப்பேற்கும். எனவே பழையதை முறையாக நீக்கிவிட்டுக் கணினியை ஒருமுறை மீண்டும் இயக்குங்கள். இயங்குதளத்தின் கருவுக்குள், அதாவது அதன் மையப் பகுதிக்குள், அமரும் வெளி மென்பொருள் தவறினால் என்னவாகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று பார்த்தோம். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பழுதான ஒரு புதுப்பிப்பு 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவுசெய்தன. அதன்பின் பாதுகாப்பு மென்பொருள்களைக் கருவுக்கு வெளியே இயக்கும் வழியை மைக்ரோசாஃப்ட் உருவாக்கிவருகிறது.

உங்கள் இரண்டு பழைய கணினிகளில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா, கணினியின் சிபியு விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மேம்படுத்திவிடலாம். இல்லையென்றால் சந்தாவில் மிச்சமாகும் தொகையைப் புதிய கணினிகளுக்கு ஒதுக்கச் சொல்லி அக்காவிடம் கேளுங்கள். அவை வரும்வரை அந்த இரண்டிலும் மின்னஞ்சல் திறக்க வேண்டாம். வாடிக்கையாளர் கோப்புகளை வேறு கணினியில் அலசிய பிறகே அங்கே கொண்டுசெல்லுங்கள்.